கண்ணாடியில் ஒட்டிய பெயர்

பிரெஞ்சுத் தலைநகரில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் மரக்கறி வாங்கப் போனால் கடைக் கண்ணாடிகளில் ஒட்டியிருக்கும் மரண அறிவித்தல்களை நான் நின்று வாசிப்பேன். பெயர், பிறந்த ஊர், வயது, மருமக்கள். பட்டியல் எதுவானாலும் கடைசி வரிவரை வாசிப்பது என் வியாதி. போன சனிக்கிழமை ஒரு படத்தைக் கண்டதும் முருங்கைக்காய்ப் பையைக் கீழே வைத்துவிட்டேன். படம் தேவன் அண்ணையுடையது. பெயர் மட்டும் வேறு: கிருபாகரன்.

கடைக்குள்ளிருந்து வறுத்த மிளகாய்த்தூள் வாசம் வந்தது. அந்த வாசம் என்னை மார்க்ஸ் டோர்மோயில் ஒரு பலசரக்குக் கடையின் பின்னறையில் கொண்டுபோய் விட்டது. ஒலிப்பொறியியல் படித்து முடித்த புதிதில் எனக்கு ஸ்டூடியோ இல்லை; பாஸ்மதி மூட்டைகள் இருந்தன. சுவரோரம் பதினாறு மூட்டை அடுக்கினால் எதிரொலி செத்துவிடும். பாடப்புத்தகத்தில் இல்லாத அந்தக் கண்டுபிடிப்பில் எனக்குப் பெரிய தலைக்கனம். தேவன் அண்ணையின் பாட்டுப் பதிவு திங்கள் காலைகளில் நடக்கும். அண்ணை பாத்திரம் கழுவிய உணவகத்தில் அவருக்கு அன்றைக்கு மாலைதான் வேலை.

அண்ணை பாடியது அமெரிக்கக் கன்ட்ரி இசை. கித்தார் குதிரைபோல் நடக்கும்; அதன்மேல் ஒப்பாரியின் இழுப்பு, நடுவில் திடீரென்று பைலாவின் ஆட்டத் துள்ளல். சொற்கள் அவருடையவை: ஆறு பேருக்கு ஒரு சாவி உள்ள அறை, பாத்திர மெஷினின் ஆவி, தொலைபேசியில் தேயும் அம்மாவின் குரல்.

“என்னடா தேவன், கௌபாய் பாட்டோ?” என்று கடை முதலாளி சீண்டுவார்.

“ஓம் அண்ணை. குதிரை இல்லாத கௌபாய். மெத்ரோவிலை வாறன்.”

ஸ்தேன் என்ற புறநகரில், ஒரு பிள்ளை பெரியபிள்ளையான சாமத்திய வீட்டில் இரண்டாவது பாட்டிலேயே “சினிமாப் பாட்டு ஒண்டு விடுங்கோ” என்றார்கள். லெ பிளாங்-மெனிலில் ஒரு கல்யாணத்தில் கேக் வெட்டுவதற்காக மைக்கைப் பறித்தார்கள். அண்ணை அசரவில்லை. “பதினொரு பாட்டும் பதிஞ்சு முடியட்டும் பிள்ளை, பிறகு பார்.”

முடிந்தது. ஒரு பிரெஞ்சு இசைவிழாவுக்கு அனுப்பினேன்; எடுத்துக்கொண்டார்கள். படிவத்தில் முழுப்பெயர் கேட்டிருந்தது. வேலைக்கு ஓடிய அண்ணை “நீயே நிரப்பன்” என்றார். அவருடைய ஊர்க்காரரான முதலாளி தகப்பன் பெயரோடு பெருமையாகச் சொன்னார். ஒரு எழுத்துப் பிழையில்லாமல் எழுதினேன்.

பெயரும் படமும் போட்ட சுவரொட்டி மெத்ரோ வாசலில் ஏறிய அன்று அண்ணை பின்னறைக்கு வந்தார்.

“பிள்ளை, ஆரின்ரை பேரைக் குடுத்தனி?”

“உங்கடை பேர்தானே அண்ணை?”

“அது அங்கை. இஞ்சை என்ரை கார்த்திலை கிருபாகரன்.”

வேறொருவரின் பெயரில் வந்து, அதே பெயரில் அகதி விண்ணப்பம் போட்டவர். எங்கள் ஆட்களிடையே இது புதினமில்லை. படிவம் நிரப்புமுன் கேட்க வேண்டியவள் நான்; கேட்கவில்லை. அடுத்த மாதம் அந்தக் கார்த்தை, வதிவிட அட்டையை, புதுப்பிக்க வேண்டும். மனைவியும் மகளும் அந்த ஒரு அட்டையில்தான் தொங்கினார்கள்.

“அப்ப பேரை மாத்துவம் அண்ணை.”

“படம் ஒண்டு, பேர் ரெண்டோ? எல்லாத்தையும் அழி.”

விழாவுக்குச் சொல்லி விலகி, சுவரொட்டியையும் எடுப்பித்தேன். பிறகு இணையப் பக்கம், ஹார்ட் டிஸ்க், மாற்றுப் பிரதி. ஒவ்வொன்றாக அழித்து, தாளில் சரி போட்டேன். ஒன்றையும் தவறவிடவில்லை; அதுதான் இன்றுவரை என்னைத் தின்கிறது. ஒரு பிரதியை ஒளித்து வைத்திருக்கலாம். பக்கத்தில் நின்று பார்த்த அண்ணை, பதினோராவது அழியும்போது மட்டும் மூட்டைகளின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

கார்த் கிடைத்தது. பாட்டு வரவில்லை. தெருவில் கண்டால் கேட்பேன்: “புதுசா ஏதும் அண்ணை?”

“கிருபாகரன் பாடமாட்டான் பிள்ளை.”

அறிவித்தலில் பாடகர் என்ற சொல் இல்லை. படத்தில் கித்தாரை வெட்டிவிட்டிருந்தார்கள். தோளில் அதன் வார் மட்டும் மிஞ்சியிருந்தது. தேவன் என்று எழுத, பையிலிருந்து பேனாவை எடுத்து மூடியைத் திறந்தேன். கீழே மகளின் பெயர், அதன் பின்னால் தகப்பன் பெயராகக் கிருபாகரன். மூடிவிட்டேன்.

பின்னறை இருந்த இடத்தில் இப்போது கைபேசிக் கடை. என்னிடம் பதினொரு தலைப்புகளும் அவற்றின் நீளமும் எழுதிய தாள் இருக்கிறது. நான்காவது பாட்டு, மூன்று நிமிடம் பன்னிரண்டு வினாடி. அது எப்படித் தொடங்கும் என்று மார்க்ஸ் டோர்மோய் வரை நடந்தபடி முனகிப் பார்த்தேன். வரவில்லை.