கேட்காமல் அடித்த ஆணிகள்

முகம் கழுவுவதற்கு முன்னால் உம்மு குல்சூம் வள்ளத்தின் அடியில் ஊறி நிற்கும் தண்ணீரை அள்ளி வெளியே ஊற்றுகிறார். அள்ளுவது, பாதியாக வெட்டிய பிளாஸ்டிக் எண்ணெய்க் கானால். பூங்காவின் நடைபாதையில் நான் இரண்டாவது சுற்று வரும்போது அந்தச் சத்தம் நின்றுவிடும். “இண்டைக்குப் பதினெட்டுத் தரம் அள்ளினனான், டீச்சர்,” என்பார் அங்கிருந்தே. “வயசு போனா எல்லாருக்கும் ஒழுகத்தானே செய்யும்.”

மன்னார் நகரத்தில், கடல்நீரேரிக் கரையில் இருக்கிறது அந்தப் பூங்கா. ஊஞ்சல் ஒன்றுக்குச் சங்கிலி இல்லை. புல்லைக் கழுதைகள் பார்த்துக்கொள்கின்றன. எதிரே, கூப்பிடு தூரத்தில், ஒற்றைப் பாய்மரத்தோடு நீலநிற வள்ளம் ஒன்று நங்கூரம் போட்டு நிற்கிறது. உம்மு குல்சூம் அதில்தான் குடியிருக்கிறார். வயது அறுபத்து நான்கு. கணவர் ஜமால்தீன் மவுத்தாகி மூன்று வருடங்களாகின்றன. ஒரே மகள் ஷப்னாவுக்கு எருக்கலம்பிட்டியில் வீட்டுத்திட்டத்தில் கிடைத்த வீடு இருக்கிறது. பஸ்ஸில் போனால் அரை மணித்தியாலம் ஆகாது. இருந்தும் இவர் இங்கேதான்.

வள்ளத்தின் நடுவில் பலகையால் அடித்த ஒரு கூடு. உள்ளே பாய், தகரப்பெட்டி, குர்ஆன் வைக்க உயரத்தில் ஒரு தட்டு, மணல் நிரப்பிய மரப்பெட்டிக்குள் இறக்கி வைத்த காஸ் அடுப்பு. கரைக்கு வருவது ரெஜிபோம் என்ற வெள்ளை நுரைப்பலகைத் தெப்பத்தில். முழங்காலில் இருந்து ஒரு பலகைத்துண்டால் துழாவி வருவார். காவலாளி யசோதரன் அவருக்காகப் பூங்காவின் பின்கதவைப் பூட்டுவதில்லை. பைப்பில் இரண்டு கான் தண்ணீர் பிடித்து, தெப்பத்தில் ஏற்றிக் கொடுப்பான். “அம்மா, இண்டைக்கு என்ன கறி?” என்று கேட்பான். மத்தியானம் ஒரு சின்னச் சட்டி கரைக்கு வரும்.

கலியாணச் சோடிகள் படம் எடுக்க வரும் நாட்களில், கமராக்காரனைக் கண்டதும் அவசரமாகக் கொடியில் கிடக்கும் துணிகளை எடுத்துவிடுவார். “அதுகளுக்கு வள்ளம் வடிவா விழட்டும். என்ட பாவாடை எதுக்கு அதுக்குள்ள?”

ஒரு சனிக்கிழமை என்னையும் தெப்பத்தில் ஏற்றிக்கொண்டு போனார். பால் விடாத பிளேன்ரீயும் பனங்கட்டியும் தந்துவிட்டுக் கதை சொன்னார். பத்தொன்பது வயதில் கலியாணம். வள்ளம் அப்போது கருவாடு ஏற்றிக் கற்பிட்டிக்குப் போய் வந்துகொண்டிருந்தது. புதுப்பெண்ணுக்குக் கற்பிட்டி பார்க்க ஆசை. மாமியார் முகத்தைச் சுழிக்க, ஜமால்தீன் ஏற்றிக்கொண்டு போயிருக்கிறார். “கலியாணச் சீலை முழுக்க கருவாட்டு மணம். ரெண்டு நாளும் ஓயாமச் சத்தி எடுத்தன். மூண்டாம் நாள் எழும்பினன், காத்து மாறிட்டுது, இவர் தனியாப் பாயோட மல்லுக்கட்டுறார். போய்க் கயித்தைப் பிடிச்சன். பிறகு விடேல்லை.”

தொண்ணூறாம் ஆண்டு ஒக்டோபரில் ஆயுதம் ஏந்திய இயக்கத்தார் முஸ்லிம்கள் எல்லோரையும் ஊரை விட்டுப் போகச் சொன்னபோது, நாற்பத்திரண்டு பேரோடு அதே வள்ளம் கற்பிட்டியில் போய் ஒதுங்கியது. பிறகு இருபத்தொரு வருடம் புத்தளத்துப் பக்கம் முகாம். தென்னோலைக் கிடுகுக் கொட்டில், பக்கத்துக் கொட்டிலுக்கும் தங்களுக்கும் இடையில் உரச்சாக்குச் சுவர். வெள்ளிக்கிழமை பின்னேரங்களில் ஜமால்தீன் மனைவியையும் மகளையும் வள்ளத்துக்குக் கூட்டிப்போவார். சோற்றுப் பொதியோடு கடல்நீரேரியின் நடுவே போய் நிற்பார்கள். “அங்கதான் சத்தமாச் சிரிப்பம். சண்டை பிடிக்கிறதெண்டாலும் வெள்ளிக்கிழமை வரைக்கும் பொறுத்திருந்து வள்ளத்துக்கு வந்துதான் பிடிப்பம்.” சொல்லும்போதே அவருக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து முடித்ததும் என் கோப்பையை வாங்கி மறுபடி நிரப்பினார்.

இந்த ஆனி மாதம் தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று பலத்த ஒரு பின்னேரம், நங்கூரக் கயிறு கல்லில் உராய்ந்து அறுந்தது. நான் பூங்காவில் நின்றேன். வள்ளம் பக்கவாட்டில் நழுவி, பூங்காவுக்கு அப்பால் தீவுக்குள் வரும் பாலத்தின் கற்களை நோக்கிப் போகத் தொடங்கியது. யசோதரன் கரையோரமாக ஓடியபடியே போனில் மீன்பிடிக்காரரைக் கூப்பிட்டான். அவர்கள் வந்து சேரக் கால்மணித்தியாலமாவது ஆகும். வள்ளத்துக்கு அவ்வளவு நேரம் இல்லை.

உம்மு குல்சூம் கூட்டுக்குள்ளிருந்து வெளியே வந்தார். சீலையை இழுத்துச் செருகினார். ஜமால்தீன் போனபிறகு மரத்தில் சுருட்டியே கிடந்த பாயை அவிழ்த்து, மூன்றில் ஒரு பங்கு மட்டும் ஏற்றிக் கட்டினார். பிறகு பின்பக்கம் போய்ச் சுக்கானைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். பாய் படபடவென்று அடித்தது, பிறகு நிறைந்தது. வள்ளத்தின் தலை மெல்லத் திரும்பியது. கற்களுக்கும் அதற்கும் இடையில் ஒரு ஆள் படுக்கும் அளவு தண்ணீர்தான் இருந்திருக்கும். தாண்டிப் போய்க் கண்டல் மரங்களின் பக்கத்துச் சேற்றில் ஏறி நின்றது.

மீன்பிடிக்காரர் போய்ப் பார்க்க, உம்மு குல்சூம் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தாராம். “பயமில்லையெண்டு சொல்லேலாது டீச்சர்,” என்றார் பிறகு என்னிடம். “சுக்கான் அவர், பாய் நான். அப்பிடித்தான் இருந்தனாங்கள். அண்டைக்கு ரெண்டையும் நான் பார்க்க வேண்டியதாப் போச்சு.”

அடுத்த நாளே ஷப்னா வந்துவிட்டார். வள்ளத்தைப் பழைய இடத்துக்கு இழுத்து வந்து, புதுக் கயிறும் கட்டியாயிருந்தது. துணைக்கு என்னையும் தெப்பத்தில் ஏறச் சொன்னார். நாற்பது வயதுப் பெண். இரவு முழுக்க நித்திரை இல்லாத கண்கள்.

“உம்மா, போதும். அறை ஒண்டு சும்மா கிடக்குது. ஊரில என்ன சொல்லுறாங்க தெரியுமா? மகள் உம்மாவைக் கடலில விட்டிட்டாளாம்.”

“ஊரில சொல்லுறதை விடு. நீ என்ன சொல்லுறாய்?”

“எனக்குக் காத்தடிச்சா நித்திரை வருதில்லை. அவ்வளவுதான்.”

உம்மு குல்சூம் மகளின் கையைப் பிடித்துக் கூட்டுப் பலகையில் வைத்தார். பலகை நெடுக ஆணித்தலைகள், துருப்பிடித்தும் பிடிக்காமலும்.

“முகாமில ஒரு ஆணி அடிக்கிறதெண்டாலும் காணிக்காரரிட்டக் கேக்கோணும், ஷப்னா. வாப்பா சட்டை கொழுவ ஒரு ஆணி அடிச்சதுக்கு அந்த மனுசன் வந்து சத்தம் போட்டது உனக்கு ஞாபகம் இராது. அதுக்குப் பிறகு வாப்பா கொட்டிலில ஒண்டும் அடிக்கேல்லை. எல்லாத்தையும் இதில வந்து அடிச்சார். ஒருத்தரையும் கேக்கேல்லை.”

“இப்ப வீடு எங்கடதானே, உம்மா.”

“ஓம். நல்ல வீடு. உன்ட வீடு.”

ஷப்னா அழவில்லை. பலகையிலிருந்து கையை எடுத்துப் பாலத்துக் கற்களைப் பார்த்தார். அதைக் கண்டு தாய் சொன்னார். “மாரி மழை மூண்டு மாசமும் உன்னோட வந்து இருக்கிறன். தை பிறக்கத் திரும்பிடுவன். இனிக் காத்தடிக்கிற நாள் யசோதரன் உனக்குப் போன் பண்ணட்டும்.”

“ரெண்டு கயிறு போடோணும். ஒண்டு காணாது.”

“ரெண்டு போடுவம்.”

பேச்சு அத்தோடு முடிந்தது. மீன் பொரித்து மூவரும் சாப்பிட்டோம். பிளேன்ரீ குடித்துக்கொண்டிருக்கும்போதே ஷப்னா வெறும் பலகையில் சரிந்து நித்திரையானார். பாதிக் கோப்பை கையிலேயே இருந்தது. உம்மு குல்சூம் அதை எடுத்து அப்பால் வைத்தார்.

வெயில் மகளின் முகத்தில் விழுந்தது. அவர் எழுந்து, தன் நிழல் அந்த முகத்தை மூடும் இடமாகப் பார்த்து உட்கார்ந்தார். சற்று நேரத்தில் காற்றுக்கு வள்ளம் மெல்லத் திரும்பியது. வெயில் மறுபடி மகளின் கண்ணுக்கு வந்தது. ஒரு கையைப் பலகையில் ஊன்றி, சத்தமில்லாமல், அவர் மறுபடியும் நகர்ந்து உட்கார்ந்தார்.