மயிலைக்காளையின் முகம்

சோமனூர்த் தறிப்பட்டறையில் இனி வேலை இல்லை என்று சொல்லிவிட்டதால், தாராபுரம் நோக்கி நடந்துகொண்டிருக்கிறேன். வழியில் மாட்டுச்சந்தை. வேப்பமரத்தடியில் இரண்டு பேர் பேட்டரி மிஷினில் பச்சை குத்துகிறார்கள். அங்கே நிற்கும் விவசாயி இப்போதுதான் சாம்பல் கலந்த வெள்ளை நிறமுள்ள தன் மயிலைக்காளையை விற்றிருக்கிறார். அதன் முகத்தை அப்படியே கையில் குத்திக்கொள்ள வேண்டுமாம்.

குத்தும் ஆளைத் தேர்ந்தெடுப்பதும் மாடு வாங்குவதுபோலத்தான். படப் பலகைகளை அவர் பார்க்கவே இல்லை. போன வருசம் இவர்களிடம் குத்திக்கொண்ட வியாபாரிகளின் கைகளைப் பிடித்துக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்க்கிறார். ஒருவர் குத்தியது தடித்துப்போயிருக்கிறது. மற்றவர் குத்தியதில் கோடு கலையவில்லை. அவரிடமே உட்காருகிறார்.

"உங்க தோலுல வெள்ளை நிக்காதுங்க. மாடு கருப்பாத்தான் தெரியும்" என்கிறார் குத்துகிறவர்.

"நான் மட்டும் என்ன செவப்பாங்க? அதுவும் என்னாட்டமே இருந்துட்டுப் போகட்டும். நெத்திச்சுழி மட்டும் தப்பக் கூடாதுங்க."

குத்துகிறவர் எழுந்துபோய்க் காளையின் நெற்றியைப் பார்த்துவிட்டு வந்து ஊசியை வைக்கிறார்.

"ஏனுங்க, விக்காம இருந்திருக்கலாமே?" என்கிறேன்.

"கெணறு வத்திப்போச்சு கண்ணு. தீனிக்கு எங்க போறது? வாங்குனவரு பஸ்ஸுல போயிட்டாரு. சோமனூர்ப் பக்கம் சூலூர்ல கொண்டுபோய் உடோணும். என்னால ஆகாது. நீ போறியா?"

இரவு சந்தையிலேயே படுத்துக்கொள்கிறோம். மறுநாள் காலையில் அவர் கை வீங்கியிருக்கிறது. சுழி சரியாக விழுந்திருக்கிறது. காளையின் பழைய கயிற்றை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு, புதுக்கயிற்றைக் கட்டி என்னிடம் தருகிறார். காளையைப் பிடித்துக்கொண்டு, வந்த வழியிலேயே திரும்பி நடக்கிறேன்.