கரண்டியோடு நின்ற பெண்

“சார், கையில கரண்டியோட யாராவது திருவிழாவுக்குப் போவாங்களா?”

காலை ரயிலில் இப்படி ஒரு கேள்வி வந்தால் நீங்கள் என்ன செய்வீர்கள்? கேட்டவளின் முகத்தைப் பார்த்தேன். ஜெசிந்தா சிரிக்கவில்லை. மடியில் லேப்டாப், நெற்றியில் சுருக்கம். விளையாட்டுக்குக் கேட்கவில்லை என்று தெரிந்தது.

ஜெசிந்தா மாரிகுப்பத்துப் பெண். நாற்பதைத் தொடப்போகிறாள். வேலை பெங்களூரில். ரயில் புறப்படுகிற இடமே மாரிகுப்பம் என்பதால் அவளுக்குத் தினமும் ஜன்னல் சீட். உரிகத்தில் ஏறுகிற எனக்காகப் பக்கத்து இடத்தில் டிபன் பையை வைத்துப் பிடித்துவைப்பாள். பங்காருப்பேட்டை வந்துவிட்டால் கால் வைக்க இடமிருக்காது. அதனால் இது சின்ன உதவி இல்லை.

அவள் என்ன வேலை பார்க்கிறாள் என்பது எனக்கு விளங்கவே ஒரு மாதம் ஆயிற்று. எங்கெங்கோ இருக்கிற பேராசிரியர்கள் ஆராய்ச்சிக் கட்டுரை எழுதுகிறார்கள் அல்லவா? அது ஜர்னலில் அச்சாவதற்கு முன்னால் இவளிடம் வருகிறது. கமா, முற்றுப்புள்ளி, எழுத்துப் பிழை பார்த்து அனுப்புகிறாள். படித்தது பி.காம்.

“இன்னிக்கு இன்னா சப்ஜெக்ட்?” என்பதுதான் என் தினசரி குட்மார்னிங்.

திங்கட்கிழமை உயிரியல். ஆக்டோபஸுக்கு மூன்று இதயம் என்று அவள்தான் சொன்னாள். புதன்கிழமை வரி. இங்கிலாந்தில் ஒரு காலத்தில் ஜன்னலுக்கு வரி போட்டார்களாம்... ஜனங்கள் செங்கல் வைத்து ஜன்னலையே அடைத்துவிட்டார்களாம்! “உன் சீட்டுக்கு எவ்ளோ போடுவாங்கம்மா?” என்று கேட்டுச் சிரித்தேன். வெள்ளிக்கிழமை நவீன கிரேக்க வரலாறு. எனக்குத் தெரிந்த கிரீஸ், அலெக்சாண்டரோடு முடிந்துபோனது. அதற்குப் பிறகும் அங்கே மனிதர்கள் வாழ்ந்து, சண்டை போட்டு, வரி கட்டியிருக்கிறார்கள் என்பதே அவள் சொல்லித்தான் எனக்கு உறைத்தது.

எனக்கு உண்மையிலேயே மலைப்பாக இருக்கும். ஊருக்கெல்லாம் பத்திரிகையில் பத்தி எழுதுகிறவன் நான். இவளோ மாரிகுப்பத்துக்கும் பங்காருப்பேட்டைக்கும் நடுவில் ஒரு பல்கலைக்கழகத்தையே புரட்டிவிடுகிறாள்!

சரி, கரண்டிக்கு வருவோம்.

அன்றைய கட்டுரை, கிரீஸில் ஒரு சுரங்க ஊரைப் பற்றியது. அதில் ஒரு பழைய புகைப்படம். லேப்டாப்பை லேசாக என் பக்கம் திருப்பினாள். ஆபீஸ் விதிப்படி இது தப்பு, நீங்களும் படித்துவிட்டு மறந்துவிடுங்கள். பத்திருபது பெண்கள் கும்பலாக நிற்கிறார்கள். எல்லோரும் அண்ணாந்து பார்க்கிறார்கள். எதைப் பார்க்கிறார்கள் என்பது படத்துக்குள் இல்லை. கீழே விளக்கம்: புனிதர் திருவிழாவுக்குக் கூடிய சுரங்கத் தொழிலாளர் குடும்பப் பெண்கள். அவர்களுடைய பக்தியைப் பற்றிப் பேராசிரியர் ஒரு முழுப் பக்கம் எழுதியிருந்தார். வானத்தை நோக்கிய அந்தக் கண்களைப் பற்றி மட்டும் நாலு வரி.

“நல்லாத்தானே இருக்கு?” என்றேன்.

“இன்னா சார் நீங்க... நல்லா பாருங்க. இந்தம்மா கையில கரண்டி. இவங்க ஒரு கால்ல மட்டும் செருப்பு. இந்தக் கொழந்த தலையில சோப்பு நுரை அப்படியே கீது. எங்க சர்ச் திருவிழாவுக்கு எங்கம்மா ஒரு வாரம் முன்னாடியே பொடவ எடுத்து வெச்சிடும். இவங்க யாரும் திருவிழாவுக்கு வரல சார்.”

“பின்னே?”

“ஓடி வந்திருக்காங்க. வீலு சுத்துதான்னு பாக்குறாங்க.”

நான் படத்தை மறுபடி பார்த்தேன்.

சுரங்கம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஷாஃப்ட், அதாவது செங்குத்தாக இறங்குகிற சுரங்கக் குழியின் தலைக்கு மேலே உயரத்தில் ஒரு பெரிய சக்கரம் இருக்கும். அது சுற்றினால் ஆட்களை ஏற்றி இறக்குகிற கூண்டு, கேஜ், நகர்கிறது. ஆட்கள் மேலே வருகிறார்கள் என்று நம்பலாம். பூமிக்கு அடியில் பாறை வெடித்தால், தங்கச் சுரங்கம் இருந்த எங்கள் ஊரில் வீட்டுப் பாத்திரமெல்லாம் ஆடும். அடுப்பில் இருப்பதை அப்படியே விட்டுவிட்டுப் பெண்கள் ஷாஃப்ட்டுக்கு ஓடுவார்கள். ஜெசிந்தா நாலாம் வகுப்பு படிக்கும்போது அவள் அம்மா தோசைக் கரண்டியோடு ஓடியிருக்கிறார். பின்னாலேயே இவளும். அன்றைக்கு அவள் அப்பா மேலே வந்துவிட்டார். பக்கத்து வீட்டுக்காரர் வரவில்லை.

நான் உரிகத்துக்காரன். அதே சக்கரங்களைப் பார்த்து வளர்ந்தவன். அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு ‘நல்லாத்தானே இருக்கு’ என்றேனே... வெட்கமாக இருந்தது.

இதைப் பேராசிரியருக்கு எழுதிக் கேட்க வேண்டியதுதானே என்கிறீர்களா? அங்கேதான் சிக்கல். போன மாதம் வரிவிதிப்பு பற்றிய கட்டுரை ஒன்றில் ‘இந்த வாதம் இடிக்கிறதே’ என்று குறிப்பு எழுதிவிட்டாள். எழுதியவர் கொதித்துப்போய்ப் புகார் செய்தார். டீம் லீடரிடமிருந்து மெயில் வந்தது. மொழியை மட்டும் பாருங்கள், விஷயத்தில் கை வைக்காதீர்கள். இன்னொரு புகார் வந்தால் வேலை இல்லை. வீட்டில் அவளும் அம்மாவும்தான். அப்பா போய்ப் பல வருஷம் ஆகிறது. ஒரே சம்பளம்.

“விட்டுடும்மா. நமக்கு எதுக்கு வம்பு? எங்கியோ கிரீஸ்ல, எப்பவோ நடந்தது” என்றேன்.

ஆமாம், நான்தான் சொன்னேன். வாரா வாரம் இந்தப் பக்கத்தில் உங்களுக்குத் துணிச்சலைப் பற்றி உபதேசம் செய்கிற அதே ஆள்!

அவள் என்னைத் திட்டவில்லை. “எங்கம்மா அன்னிக்கு நின்னத போட்டோ எடுத்து, திருவிழா பாக்க வந்தாங்கன்னு எவனாவது எழுதினா விடுவீங்களா சார்?” என்று மட்டும் கேட்டாள்.

பிராயச்சித்தமாக, குறிப்பை ஆங்கிலத்தில் நானே எழுதித் தருகிறேன் என்றேன். உருக்கமாக எட்டு வரி எழுதினேன். அவள் ஐந்தை அடித்தாள். மிச்சத்தில் இருந்த அடைமொழிகளை எல்லாம் பிடுங்கினாள். கடைசியில் நின்றது இதுதான்: ‘இது திருவிழாதானா என்று சரிபார்க்கவும். இந்தப் பெண்கள் ஷாஃப்ட்டின் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். நான் ஒரு சுரங்க ஊர்க்காரி.’

ரயில் பங்காருப்பேட்டை தாண்டும்போது அனுப்பினாள்.

அப்புறம் எட்டு நாள். ஒரு தகவலும் இல்லை. இன்னா சப்ஜெக்ட் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. அவள் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள்.

ஒன்பதாம் நாள் நான் ஏறியதும் போனை நீட்டினாள். பேராசிரியர் எழுதியிருந்தார். அவர் ஆவணக் காப்பகத்துக்கே திரும்பப் போயிருக்கிறார். திருவிழா என்பது, யாரோ ஒரு குமாஸ்தா படத்தின் பின்பக்கம் எழுதிவைத்த வார்த்தையாம். அதே ஃபிலிம் ரோலில் இருந்த மற்றப் படங்களையும் கேட்டு வாங்கிப் பார்த்திருக்கிறார். ‘மூன்றாவது படத்தில் ஸ்ட்ரெச்சர் இருக்கிறது. இத்தனை வருஷம் இந்தப் படத்தை வைத்துப் பாடம் நடத்தினேன். நான் கரண்டியைப் பார்த்ததே இல்லை.’ பக்தியைப் பற்றிய அந்த முழுப் பக்கத்தையும் எடுத்துவிட்டாராம். டீம் லீடருக்கும் நன்றி சொல்லி ஒரு நகல் போயிருந்தது. வேலை தப்பித்தது.

அந்தப் பேராசிரியரையும் சும்மா சொல்லக் கூடாது. எங்கிருந்தோ ஒரு திருத்துநர் எழுதிய மூன்று வரிக்காக, தன் வாதத்தையே கலைத்துவிட்டு மறுபடி போய்த் தேட எத்தனை பேருக்கு மனசு வரும்? ஆராய்ச்சி என்றால் இதுதான் போலிருக்கிறது.

அன்று சாயங்காலம் ஜெசிந்தா அந்தப் படத்தை அம்மாவிடம் காட்டியிருக்கிறாள். எதுவும் சொல்லவில்லையாம், சும்மா காட்டினாளாம். அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்திருக்கிறார்.

“எந்த ஷாஃப்ட்டுடி இது?”

“நம்மூரு இல்லம்மா. கிரீஸு.”

கிரீஸ் எங்கே இருக்கிறது என்று அம்மா கேட்கவில்லை. “எல்லாரும் மேல வந்துட்டாங்களா?” என்றாராம்.

ஜெசிந்தா அந்தக் கேள்வியை அப்படியே ஆங்கிலத்தில் பேராசிரியருக்கு அனுப்பிவிட்டாள். இந்த முறை எட்டு நாள் ஆகவில்லை. மறுநாள் காலையிலேயே பதில் வந்துவிட்டது. ‘இரண்டு பேர் வரவில்லை என்று அம்மாவிடம் சொல்லுங்கள். பழைய செய்தித்தாளில் பெயர்கள் கிடைத்துவிட்டன. படத்துக்குக் கீழே போடுகிறேன்.’

நேற்று ரயிலில் என் பக்கத்தில் ஜெசிந்தா, வாயில் நுழையாத இரண்டு கிரேக்கப் பெயர்களை எழுத்து எழுத்தாக, மூன்று தடவை சரிபார்த்துக்கொண்டிருந்தாள்.