குறைவின்றிப் பாயும் கடைமடை

லால்குடிப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து முதன்முதலாக எம்.ஏ. படித்தவன் நல்லுசாமி. திருச்சியில் ஒரு கல்லூரியில் டியூட்டர் வேலை, ஸ்ரீரங்கத்தில் வாடகை அறை. 1961-இல் எம்.லிட். பட்டத்துக்காகத் தன் ஊர் வாய்க்கால் பாசனத்தையே ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்டான். வாய்க்காலில் நீந்தி வளர்ந்தவனுக்கு அதை எழுதுவது என்ன பெரிய காரியம் என்று ஊரே நினைத்தது. அவனும் அப்படித்தான் நினைத்தான்.

மற்ற அத்தியாயங்கள் முடிந்துவிட்டன. இரண்டாவது மட்டும் தொண்டையில் முள்ளாக நின்றது. இதே பொருளில் முன்னால் எழுதியவர்கள் என்ன சொன்னார்கள், எதை விட்டார்கள் என்று காட்டவேண்டிய அத்தியாயம் அது. அந்த வாய்க்காலைப் பற்றி முன்னால் எழுதியவர் உலகத்திலேயே ஒருவர்தான், பேராசிரியர் இருதயநாதன். நல்லுசாமியின் ஆராய்ச்சிக்கு வழிகாட்டியும் சாட்சாத் அவரேதான்.

அவர் புத்தகத்தில் ஒரு வரி உண்டு: 'கடைமடை வயல்களுக்கும் தண்ணீர் குறைவின்றிப் பாய்கிறது.' தலைமடைக்காரர் வீட்டில் விருந்து சாப்பிட்டு, மதகடியில் நின்று பார்த்து எழுதிய வரி. வாய்க்காலின் வால் முனைக்கு அவர் போகவேயில்லை. அங்கேதான் நல்லுசாமியின் அப்பா வீரமலைக்கு நிலம். தண்ணீர் வந்து சேருவதற்குள் பயிர் பாதி கருகியிருக்கும். அந்த வரி தப்பு என்று எழுதவேண்டும். அவன் ஆராய்ச்சிக்கு வந்ததே அதற்காகத்தான். ஆனால் சாருக்கு எதிரில் நாற்காலியில் உட்காரவே கூசுகிறவன், அவர் தப்பை எழுதி அவரிடமே கையெழுத்துக்கு எப்படி நீட்டுவான்?

முதல் தடவை, கடைமடையைப் பற்றி இன்னும் பார்க்க இடமிருக்கிறது என்று நாசூக்காக எழுதிக்கொண்டு சாரின் காட்டூர் வீட்டுக்குப் போனான்.

"என்ன இடம்? நான்தான் முழுசாப் பார்த்திருக்கேனே" என்றார் இருதயநாதன்.

அடுத்த தடவை, சார் புத்தகம் எதையும் விடவில்லை என்று புகழ்ந்து தள்ளினான்.

"எல்லாத்தையும் நானே சொல்லிட்டேன்னா, நீங்க எதுக்கு எழுதறீங்க?" என்றார். நியாயமான கேள்விதான், என்ன செய்வது!

விடுமுறை நாட்களில் கதவைச் சாத்திக்கொண்டு உட்காருவான். மூச்சு முட்டினால் காவிரியில் போய் நாலு முங்கு போட்டுவிட்டு வருவான். காகிதம் போட்டது போட்டபடி கிடக்கும். பேசாமல் விட்டுவிடலாம் என்றால், ஊரில் அப்பா முகத்தில் எப்படி விழிப்பது?

கடைசியில் ஒரு காரியம் செய்தான். கல்யாணப் பத்திரிகையில் தாய்மாமன் பெயரை விட்டதுபோல, சாரின் புத்தகத்தையே விட்டுவிட்டான். குறையும் சொல்ல வேண்டாம், பொய்யும் சொல்ல வேண்டாம் என்று அவனுக்கு ஒரே நிம்மதி.

இருதயநாதன் பக்கங்களை இரண்டு தடவை புரட்டினார். "என் புத்தகத்தைக் காணோமே?"

"மறந்துட்டேன் சார்."

திட்டியிருந்தால்கூடத் தேவலை. அந்த மனிதரின் முகம் அப்படியே வாடிப்போய்விட்டது. நல்லுசாமிக்கு அழுகையே வந்துவிட்டது.

"பரவாயில்லை, நான் சொல்றேன், எழுதுங்க" என்றார் மெதுவாக.

கடைமடை வரை தண்ணீர் குறைவின்றிப் பாய்வதை முதலில் நிறுவிய நூல் இது என்றார், எழுதினான். இந்த ஆய்வும் அதையே உறுதி செய்கிறது என்றார், அதையும் எழுதினான். பிறகு மற்ற அத்தியாயங்களில் அதோடு இடித்த பகுதிகளைத் தன் கையாலேயே அடித்தான். கையெழுத்து கிடைத்தது. மறு வருஷம் பட்டமும் கிடைத்தது.

சேதி சொல்ல ஊருக்குப் போனபோது வீரமலை கேட்டார்: "நம்ம கடைமடையப் பத்தி எழுதியிருக்கியா தம்பி?"

"எழுதியிருக்கேம்ப்பா."

"இவ்வளவு படிச்சவன் நீயே எழுதிட்டே. இனிமே தண்ணி வந்துரும்."

சொல்லிவிட்டு மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு, வயலுக்கு வரும் காய்ந்த வாய்க்காலில் மண்டிக்கிடந்த கோரையை வெட்டப் போனார்.