ரோட்டில் போட்ட கோடும் எங்கள் யுகேஜி பிள்ளையும்

காலையில் நடந்தது.

யுகேஜி படிக்கும் தம்பி மகளைப் பள்ளிக்கூடத்தில் விடக் கூட்டிப் போனேன். துறைமுக ரோட்டில் வெள்ளைக் கோடுகளைப் பார்த்ததும், "பெரியப்பா, இதுல நடந்தா வண்டியெல்லாம் நிக்கும். மிஸ் சொன்னாங்க" என்றாள்.

"உங்க மிஸ் இந்த ரோட்டைத் தாண்டினதே இல்ல போலுக்கு" என்று கேலி செய்துவிட்டு, செருப்பு வாரை மாட்டக் குனிந்தேன்.

நிமிர்ந்தால் பிள்ளை நடுரோட்டில். ஒரு கையை உயர்த்திக்கொண்டு, கோட்டின் மேல் நிதானமாக நடக்கிறாள். எதிரே உப்பு லாரி வருகிறது.

கண்ணை மூடிக்கொண்டு குறுக்கே ஓடினேன்.

லாரி நின்றுவிட்டது. அவளுக்கு நாலு முழம் தள்ளி.

டிரைவர் தலையை நீட்டினார். அவர் முகமும் வெளுத்திருந்தது.

"அண்ணாச்சி, பிள்ளையக் கையில பிடிக்காண்டாமா? எனக்கும் வீட்டுல இதே மாதிரி ஒண்ணு இருக்கு."

நான் பதில் சொல்லும் முன், "தேங்க்யூ மாமா" என்று அவள் கையாட்டினாள்.

அந்தப் பக்கம் சேர்ந்ததும் அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன். அவளோ, "நீங்க கோட்டுல வரல பெரியப்பா. திரும்பப் போயி ஒழுங்கா வாங்க" என்கிறாள்.

சத்தியமாகப் போகவில்லை. எனக்கு அந்தத் தைரியம் கிடையாது.

மிஸ் சொன்னபடியே வண்டி நின்றுவிட்டதல்லவா, இனி அவள் எல்லா லாரியையும் நம்புவாள். மிஸ் சொன்னதும் சரி, லாரியை நம்பாதே என்பதும் சரி என்று ஐந்து வயசுப் பிள்ளையிடம் எப்படிச் சொல்வது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள், நாளைக் காலை எட்டரைக்குள்.