அத்தைக்குக் கரண்ட் வைத்த கதை

என் மாமியார் அன்னத்தாய்க்கு அறுபத்தேழு வயது. தாராவியில் மளிகைக் கடை. மராத்திக்காரரையும் இந்திக்காரரையும் அவரவர் மொழியிலேயே திட்டுவார். என்னை மட்டும் சுத்தத் திருநெல்வேலித் தமிழில். அப்படிப்பட்ட மனுஷி மார்ச் மாதம் திடீரென்று பேச்சைக் குறைத்துக்கொண்டார். முதல் வாரம் எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன்.

அப்புறம் சாப்பாட்டையும் நிறுத்தினார். "கொடலே அழுகிப் போச்சுட்டி, சோறு எங்க போவும்?" என்றார். ஸ்கேன் எடுத்தோம், குடல் நன்றாக இருந்தது. முற்றிய மனச்சோர்வு என்றார்கள். மாத்திரைகள் இரண்டு மாதம் ஓடின. எடை முப்பத்தைந்து கிலோவுக்கு இறங்கியது.

"இனியும் காத்திருந்தா உயிருக்கே ஆபத்து. மயக்க மருந்து கொடுத்து மின் சிகிச்சை செய்யலாம்," என்றார் டாக்டர் ராஜலக்ஷ்மி, பக்கத்து மாட்டுங்காவில் வளர்ந்த தமிழர்.

சொந்தபந்தம் கிளம்பி வந்துவிட்டது. "சினிமால பாக்கலயா? பல்லக் கடிச்சிட்டுத் துடிப்பாவ!" என்றார் குர்லாவில் இருக்கும் சித்தப்பா. மூன்று மாதமாக எட்டிப் பார்க்காத ஆள். எனக்கு வந்ததே ஆத்திரம். "நீங்க ஒரு வாய் ஊட்டிக் காட்டுங்க, கரண்டே வேண்டாம்," என்றேன். செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

மாமனார் பெரியநாயகம் சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போட்டார். வெறும் வயிற்றோடு வரச் சொல்லியிருந்தார்கள்.

"காலையில ஏதாவது சாப்பிட்டாங்களா?"

"ஒண்ணுமே இல்ல டாக்டர். டீ மட்டுந்தான்," என்றார் மாமா பெருமையாக.

தாராவியில் டீ சாப்பாட்டில் சேராது. விரதம் இருப்பவரும் குடிப்பார். டாக்டர் தலையில் கை வைத்தார். "மயக்கத்துல வாந்தி வந்தா நுரையீரலுக்குப் போயிடும். பால் டீ வேற!" சிகிச்சை இரண்டு நாள் தள்ளிப்போனது.

"ஊட்டுனாத் துப்புதவ, இன்னைக்கு அவளா வாயத் தொறந்தா டாக்டர். எப்படி வேண்டாம்பேன்?" என்றார் மாமா.

அடுத்த முறை அடுப்பையே பற்றவைக்க விடவில்லை. சிகிச்சை சில நிமிஷம்தான், சித்தப்பா சொன்ன துடிப்பெல்லாம் இல்லை. கண் விழித்ததும் கொஞ்சம் குழம்பினார், இரண்டு தடவை கிழமை கேட்டார். வாரத்துக்கு மூன்று முறை கொடுத்தார்கள்; நாலாவது முறைக்குப் பிறகு கஞ்சி குடித்தார். ஏழாவது முடிந்து வீட்டுக்கு வந்த மத்தியானம் மாமாவை ஏற இறங்கப் பார்த்தார்.

"என்னங்க, இப்படி எலும்பும் தோலுமா நிக்கிய? சாப்பிடலையா?"

மாமா ஓவென்று அழுதுவிட்டார். அந்த மனுஷர் இளைத்ததை எங்களில் ஒருத்தர்கூடக் கவனிக்கவில்லை.

அத்தை என் பக்கம் திரும்பினார். "ஏட்டி மகேஸ்வரி, இவுகளுக்குச் சோறு போடாம என்னத்தப் புடுங்கிட்டு இருந்த?"

இரண்டு தட்டு வைத்தேன்.