அருவிக்குப் போன ஸ்வெட்டர்

ஐந்தருவியில் போன மாதம் ஒருவர் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு குளித்ததை உங்களில் யாராவது பார்த்திருக்கலாம். வெளியூர்க்காரர், ஏதோ பந்தயம் போல என்று நினைத்திருப்பீர்கள். இல்லை சார். அவர் என் மச்சான் சண்முகம். ரிட்டயர்டு போலீஸ். அவரை அப்படி நிற்க வைத்தவன் நான்.

விஷயம் இதுதான். என் மகள் முத்துலட்சுமி ராணுவ ஆஸ்பத்திரியில் நர்ஸ். போன வருடம் காஷ்மீர்ப் பக்கம் மாற்றல் ஆகிவிட்டது. போனில் பேசினால் பல் தந்தியடிக்கும். கேட்டால், "ஒண்ணுமில்லப்பா, லேசாக் குளிருது" என்பாள். இங்கே ஃபேனுக்கு அடியில் வேர்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற அப்பனுக்கு எப்படி இருக்கும்?

ஊசியை எடுத்தேன்... ஆமாம், நானேதான். ரிட்டயர் ஆன பிறகு போனில் வீடியோ பார்த்துப் பின்னல் கற்றுக்கொண்டவன் நான். முதலில் டிவி ரிமோட்டுக்கு உறை. அப்புறம் மிக்ஸிக்குச் சட்டை. காஸ் சிலிண்டருக்குக் கழுத்து வைத்து ஒன்று பின்னினேன். மாற்ற வந்தவர் அதைக் கழற்றத் தெரியாமல், அப்படியே தூக்கிக்கொண்டு போய்விட்டார். "ஏங்க, அடுத்து என்னைய மூடிராதிய" என்றாள் என் மனைவி கோமதி.

தென்காசியில் கம்பளி நூல் கேட்டால், "வாசல் தோரணத்துக்கா அண்ணாச்சி?" என்கிறார்கள். கிளிப்பச்சையும் மஞ்சளும்தான் ஸ்டாக். பரவாயில்லை, குளிருக்குக் கலர் தெரியுமா என்ன? மூன்று மாதம் பின்னினேன். முத்து லீவில் வந்த வாரம்தான் முடிந்தது. அவள் கண்ணில் காட்டாமல் பீரோவுக்குள் வைத்தேன். கிளம்பும்போது கொடுக்கலாம் என்று ஆசை.

அப்போதுதான் கோமதி கேட்டாள்: "இது குளிரு தாங்குமான்னு எப்படித் தெரியும்?"

நியாயமான கேள்வி. ஆனால் தென்காசியில் குளிரை எங்கே போய்த் தேடுவது? ஒரு கையை மட்டும் ஸ்வெட்டருக்குள் மாட்டி, ஃப்ரிட்ஜுக்குள் விட்டுக்கொண்டு கால் மணி நேரம் நின்றேன். கை ஜம்மென்று இருந்தது. கதவு திறந்தே கிடந்ததில் ஐஸ்கிரீம்தான் கூழாகிவிட்டது.

மச்சான் காதுக்கு விஷயம் போனது. "என்ன அத்தான், சின்னப் புள்ளை மாதிரி ஃப்ரிட்ஜுல கையை விடுதிய? சாரல் அடிக்கி, அருவி கொட்டுது. நான் போட்டுட்டு நிக்கேன். நடுங்குனா ஃபெயில், நடுங்கலேன்னா பாஸ்" என்றார். எனக்கும் அது சரியாகவே பட்டது. எப்படிப் பட்டது என்று இன்றுவரை தெரியவில்லை.

காலையிலேயே போனோம். முத்துவின் அளவு ஸ்வெட்டர், மச்சானின் தொப்பை. பாதி வயிறு வெளியே. அதுகூடப் போகட்டும். மனுஷன் உடம்பு முழுக்க எண்ணெய் தேய்த்துக்கொண்டு அல்லவா அதை மாட்டினார்! கேட்டால், "எண்ணெய் தேய்க்காம அருவிக்கு எவனாவது போவானா அத்தான்?" என்கிறார். குற்றாலத்து வழக்கத்தை ஒரு ஸ்வெட்டருக்காக விட்டுக்கொடுக்க முடியாதாம்.

தண்ணீருக்குள் நின்றார். கூட்டம் விலகி வழிவிட்டது. பக்கத்தில் நின்றவர் பயபக்தியோடு, "அண்ணாச்சி, இது எந்தக் கோயில் வேண்டுதல்?" என்று கேட்டார். முப்பது வருஷ போலீஸ் உத்தியோகம் இல்லையா... மச்சான் அசரவே இல்லை. "குலசாமிக்கு" என்றார். கேட்டவர் உடனே கன்னத்தில் போட்டுக்கொண்டு, "நூலு எங்கன கிடைக்கு?" என்றார்.

"அத்தான், நடுக்கமே இல்ல! பாஸு!" என்று கத்திக்கொண்டே மச்சான் வெளியே வந்தார். போகும்போது தொப்புளுக்கு மேலே நின்ற ஸ்வெட்டர், வரும்போது முழங்காலுக்குக் கீழே தொங்கியது.

வீட்டுக்குக் கொண்டுவந்து சீயக்காய் போட்டு அலசினேன். முத்து கண்ணில் படாமல் பின்பக்க வராந்தாவில் ஹேங்கரில் மாட்டினேன். ஈரக் கம்பளியைத் தொங்கவிடக்கூடாது என்று எந்த வீடியோவிலும் சொல்லவில்லை. சொல்லியிருப்பார்கள், நான்தான் பார்க்கவில்லை. சாரலில் வெயிலும் வரவில்லை. நாலாம் நாள் அது தரையைத் தொட்டுவிட்டது. கை இரண்டும் ஒன்றரை மடங்கு நீண்டுவிட்டன.

மறுநாள் முத்துவுக்கு ரயில். பிரித்துப் பின்ன நேரம் இல்லை. பிள்ளை குளிரில் நடுங்கப் போகிறாள், என் கையில் பச்சையும் மஞ்சளுமாக ஒரு சாக்கு. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

கிளம்பும்போது கொடுத்தேன். அவள் அதை விரித்துப் பார்த்தாள். சிரிக்கவில்லை. "நல்லாருக்குப்பா. போடுதேன்" என்று மடித்துப் பெட்டியில் வைத்தாள். அந்த முகம் எனக்குத் தெரியும். நான் கிண்டிய உப்புமாவைச் சின்ன வயதில் "நல்லாருக்கு" என்று சொன்ன அதே முகம். ரயில் போன பிறகு மச்சானோடு இரண்டு வாரம் பேசவில்லை.

நேற்று சாயங்காலம் வீடியோ கால். திரை முழுக்கக் கிளிப்பச்சை!

"டூட்டி முடிஞ்சு வந்ததும் இதுக்குள்ளதான்ப்பா இருக்கேன். கழுத்துல இருந்து கால் வரைக்கும் மூடுது. கையைக் கழுத்துல ரெண்டு சுத்து சுத்திட்டா அதுவே மஃப்ளர்."

"அளவா இருந்திருந்தா டூட்டிக்கே போட்டுட்டுப் போயிருப்பியேம்மா..."

"யூனிபார்முக்கு மேல இந்தக் கலரை யாரு போட விடுதா? அளவா இருந்திருந்தா பெட்டிக்குள்ளதான் கெடந்திருக்கும். அன்னைக்குக் கலரைப் பார்த்ததும், இதை உங்ககிட்ட எப்படிச் சொல்லன்னு முழிச்சிட்டு இருந்தேன். இப்போ ரூமுக்குள்ள போர்வைக் கணக்கு. ஒருத்தரும் ஒண்ணும் சொல்ல முடியாது."

பல் தந்தியடிக்கவில்லை. நான் கவனித்தேன். போனைக் கோமதியிடம் கொடுத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

வைக்கும் முன் முத்து சொன்னாள்: "ரூம்ல கூட இருக்கிறவளுக்கும் ஒண்ணு வேணுமாம்ப்பா. இதே அளவு."

இதே அளவா? அதை ஊசியில் கொண்டுவர எனக்குத் தெரியாது. தெரிந்தது ஒரே வழிதான். மானத்தை விட்டு மச்சானுக்குப் போன் போட்டேன் — "ஐந்தருவியில இப்போ தண்ணி எப்படி விழுது?"